கிரேனுக்குக் கேட்காத குரலும் நாலு கிரேக்கப் பள்ளிகளும்

வாயால் சொல்ல முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். டீக்கடையில் ஒரு டீ ஆறுவதற்குள் தொடங்கி, அடுத்த டீயில் நடுவுக்கு வந்து, கடைக்காரர் அடுப்பை அணைக்கும்போது முடித்திருப்பேன். இப்போது என்னைப் பார்க்கிறவர்கள் முதலில் கழுத்தைப் பார்க்கிறார்கள். அப்புறம் கண்ணைத் திருப்பிக்கொள்கிறார்கள். அதற்கும் அப்புறம் "எப்டிபா ஆச்சு?" என்று கேட்கிறார்கள். கையால் சொல்லி மாளவில்லை. அதனால் ஒரே தடவையாக இங்கே சொல்லிவிடுகிறேன். இதே ஆஸ்பத்திரிக் கதவு வழியாக உள்ளே போகப்போகிற யாருக்காவது உதவினால் சரி.

நான் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் ஒரு யார்டில் சிக்னல்மேனாக இருந்தேன். கம்பிக் கட்டு, தகட்டுக் கட்டு, ஆளுயரச் சுருள் எல்லாவற்றையும் லாரியிலிருந்து எடுத்து அடுக்கவும், அடுக்கிலிருந்து எடுத்து லாரியில் வைக்கவும் தலைக்கு மேலே தண்டவாளத்தில் ஓடும் கிரேன் ஒன்று உண்டு. அதன் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்திருப்பவர் யூசுப் பாய், தண்டையார்பேட்டைக்காரர். சுமை எங்கே இறங்குகிறது என்பது அங்கிருந்து அவருக்குச் சரியாகத் தெரியாது. கீழே நிற்கிற நான்தான் அவருக்குக் கண். ஆள்காட்டி விரலை மேலே நீட்டிச் சுழற்றினால் தூக்கு என்று அர்த்தம். கீழே நீட்டிச் சுழற்றினால் இறக்கு. சுழலும் கைக்கு முன்னால் மற்றக் கையை அசையாமல் பிடித்தால் மெதுவாக. இரண்டு கையையும் விரித்து, உள்ளங்கை தரையைப் பார்க்க அகல வீசினால், நிறுத்து. இந்தக் கடைசிச் சைகைக்கு ஒரு சட்டம் உண்டு. அதைக் கண்ட மாத்திரத்தில் ஓட்டுகிறவர் எல்லா லீவரிலிருந்தும் கையை எடுத்துவிட வேண்டும். கீழே நிற்பவன் அடுத்த சைகை காட்டுகிறவரை எதையும் தொடக்கூடாது. யோசிக்கவும் கூடாது. நாமாக யோசித்துத் தொட்டால் கீழே எவனாவது நசுங்குவான்.

தூக்குவதற்கு ஹபேஸ், இறக்குவதற்கு ஆரியா. துறைமுகத்தில் சுமை ஏற்றி இறக்கும் கலாசிகளிடமிருந்து எங்களுக்கு வந்த பழைய கப்பல் சொற்கள். நான் கையைக் காட்டும்போதே இவற்றைத் தொண்டை கிழியக் கத்துவேன். மோட்டார் இரைச்சலில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பாய்க்கு ஒன்றும் கேட்காது என்பது எனக்கும் தெரியும். "யாருக்குபா இந்தக் கத்து?" என்று லோடு ஏற்றுகிறவர்கள் கேட்பார்கள். வாயை மூடிக்கொண்டு கையை மட்டும் ஆட்ட என்னால் ஆகாது, அவ்வளவுதான்.

பேச்சுதான் என் சொத்து. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் இறங்கும்போது அவர் வீட்டுச் சொலவடை ஒன்று என்னிடம் வந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திருவொற்றியூரில் எங்கள் படிப்பகத்தில் அவற்றையெல்லாம் கோத்துப் பேசுவேன். ஒரு முறை பழைய பேப்பர் கடையில், அட்டை கிழிந்து முன்பக்கம் பின்பக்கம் இல்லாத தமிழ்ப் புத்தகம் ஒன்று எடைக்குக் கிடைத்தது. எழுதியவர் யார் என்று இன்று வரை தெரியாது. பழைய கிரேக்க நாட்டிலும் ரோமாபுரியிலும் இருந்த தத்துவப் பள்ளிகளைப் பற்றியது. படித்ததும் சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஏனென்றால் அந்த ஆட்களுக்குத் தத்துவம் என்பது பரீட்சைப் பாடமில்லை. திட்டினால் என்ன செய்வது, நோய் வந்தால் எப்படிப் படுப்பது, சாகும்போது எப்படிச் சாவது என்பதற்கெல்லாம் தினமும் செய்கிற பயிற்சி அது. நம்ம பக்கத்துப் பையன்கள் பாக்ஸிங் பழகுகிற மாதிரி.

படிப்பகத்துக் கரும்பலகையில் "நாலு ஞாயிறு, நாலு பள்ளி" என்று நானே எழுதிவைத்தேன். அவர்களுக்கு நான் வைத்த பெயர் மண்டபத்துக்காரர்கள், தோட்டத்துக்காரர்கள், நாய்க்காரர்கள், சந்தேகக்காரர்கள். முதல் ஞாயிறு மண்டபத்துக்காரர்கள். ஸ்டோயிக் என்பார்கள். தூண் வைத்த மண்டபத்தில் நின்று பேசியதால் வந்த பெயர். கிரேக்கத்தில் பிறந்து ரோமில் வளர்ந்த பள்ளி. அங்கே கால் ஊனமான அடிமை ஒருவனும் ராஜ்ஜியத்தையே ஆண்ட ஒருவனும் ஒரே பாடம் படித்தார்கள். நம் கையில் இருப்பது எது, இல்லாதது எது என்று பிரி. கையில் இருப்பதை ஒழுங்காகச் செய், இல்லாததற்கு அழாதே. இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் என் குரல் நடுவில் அறுந்தது. தண்ணீர் குடித்தேன். இருமினேன். மறுபடி தொடங்கினால் காற்றுதான் வந்தது. மீதி மூன்று ஞாயிறும் பாக்கி நின்றது.

மல்லிகா என் மனைவி. காசிமேட்டில் இறால் உரிக்கும் கொட்டகையில் வேலை. "ஜல்பு புடிச்சிக்கினுகீது, வேற இன்னா" என்று மிளகும் பனங்கற்கண்டும் வைத்துப் பாலைக் காய்ச்சினாள். யூசுப் பாய் அதிமதுரம் கொடுத்து வாயில் போட்டு மெல்லச் சொன்னார். தெரிந்த ஊர்க் கஷாயமெல்லாம் குடித்தது போதாதென்று, தெரியாத ஊர்க் கஷாயமும் குடித்தேன். மழை வந்து போயிற்று. குரல் திரும்பவில்லை. ஒரு நாள் சோற்றை விழுங்கும்போது காதுக்குள் ஊசி குத்தியது போல வலித்தது. மல்லிகா தட்டை எடுத்து வைத்தாள். "எழுந்திரு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றாள்.

பெரிய அரசு ஆஸ்பத்திரி. காது மூக்குத் தொண்டைப் பிரிவில் பெஞ்சு நிறைந்து, சுவர் ஓரமும் நிறைந்திருந்தது. ஒரு டாக்டரம்மா என் நாக்கைத் துணியால் பிடித்து இழுத்து, சின்ன வட்டக் கண்ணாடியை விளக்கில் சூடு காட்டி, அண்ணத்துக்குப் பின்னால் விட்டுப் பார்த்தார். "ஈ சொல்லுங்க" என்றார். நாக்கு அவர் கையில், நான் ஈ சொல்ல வேண்டும். வந்த சத்தத்துக்கு அவரே சிரித்துவிட்டார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு மறுபடி பார்த்தார். இரண்டாம் தடவை பார்த்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது.

குரல்வளைக்குள் இரண்டு நாண் இருக்கிறதாம். மூச்சு போகும்போது விலகும், பேசும்போது சேரும். எனக்கு ஒரு பக்கத்து நாண் அசையாமல் நிற்கிறது, அதன் மேலே ஒரு கட்டி. மயக்கம் கொடுத்துக் கடுகளவு சதை கிள்ளி எடுத்தார்கள். இதற்குப் பெயர் பயாப்சி. கிள்ளியதைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்து, கெட்டதா நல்லதா என்று சொல்வார்கள். அந்தப் பதில் வருகிறவரை என்னை வார்டில் போட்டார்கள்.

காத்திருப்பு ஒரு தனி நோய். மல்லிகா வெளியே போகும்போதெல்லாம் நான் செத்துவிட்டேன் என்று எடுத்துக்கொண்டேன். உள்ளே வந்தால் பிழைத்துவிட்டேன். ஒரு நர்ஸ் வேகமாக நடந்தால் கெட்ட சேதி, மெதுவாக நடந்தால் அதைவிடக் கெட்ட சேதி. அப்போதுதான் நாலாவது பள்ளி, சந்தேகக்காரர்கள், ஞாபகத்துக்கு வந்தார்கள். அவர்கள் சொன்னது ஒன்றுதான். எதற்கும் இரண்டு பக்கமும் பேச்சு உண்டு, தெரியாததைத் தெரிந்த மாதிரி தீர்ப்பு எழுதாதே, தீர்ப்பை நிறுத்தினால் மனசும் நிற்கும். படிப்பகத்தில் பேச வைத்திருந்த குறிப்பில் இவர்களைக் கொஞ்சம் கேலி செய்திருந்தேன். முடிவே சொல்லாதவன் என்ன தத்துவக்காரன் என்று. கட்டிலில் அது கேலியாக இல்லை. "எனக்குத் தெரியாது" என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். பொய்யில்லாத ஒரே வாக்கியம் அதுதான். சொன்ன அன்றைக்குச் சாப்பாடு இறங்கியது.

பக்கத்துக் கட்டிலில் எல்லப்பன். காத்திவாக்கத்து மீனவர், கட்டுமரக்காரர். வாய்க்குள் புகையிலை அடக்கி அடக்கி, கன்னத்தின் உட்பக்கம் புண்ணாகி, தாடைக்கும் கழுத்துக்கும் போய்விட்டிருந்தது. பாதி வாயைத் திறந்துதான் பேசுவார். அந்தப் பாதி வாய் போதும், வார்டு முழுதும் சிரிக்கும்.

"இன்னா வாத்யாரே, வாய்க்குள்ள இன்னா முணுமுணுக்கற? மந்திரமா?"

நான் கிசுகிசுப்பில் சந்தேகக்காரர்களைப் பற்றிச் சொன்னேன். கவனமாகக் கேட்டார்.

"இதுக்கு எதுக்கு வெளிநாடு போன? வலைய வீசறது நம்ம வேல. மீனு வர்றது மீனோட வேல. வலய இழுக்கற வரைக்கும் உள்ள இன்னா கீதுன்னு பேசுனா மரத்துல குந்தினுகீறவன் ஒதப்பான்."

ஒரே மூச்சில் மண்டபமும் சந்தேகமும். சொல்லிவிட்டு எச்சில் துப்பப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டார்.

பதில் வந்தது. புற்று. டாக்டரம்மா ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். நின்றுகொண்டு சொல்லாததற்கே அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

"குரல்வளையை முழுசா எடுக்கணும். மூச்சுக்குழாய மேல கொண்டுவந்து கழுத்துல ஒரு துளை வெச்சுத் தெச்சிடுவோம். அப்புறம் மூச்சு அது வழியாத்தான். எப்பவுமே."

"கரண்ட்டு மட்டும் வெச்சா ஆவாதாம்மா?" என்று மல்லிகா கேட்டாள். கதிர் வைப்பதை எங்கள் பக்கம் கரண்ட்டு வைப்பது என்போம்.

"வைக்கலாம். ஆனா நாண் அசையல, அதனால ஆழமா போயிருக்கு. கரண்ட்டு மட்டும் வெச்சா திரும்ப வர வாய்ப்பு அதிகம். ஆபரேஷன் பண்ணா நல்ல வாய்ப்பு இருக்கு. நீங்க குடிக்கிற பீடியை மட்டும் இனி நினைக்கவே கூடாது."

"பேச்சு?" இது நான். கிசுகிசுப்பு கூட உடைந்தது.

"இந்தக் குரல் போயிடும். காத்தை முழுங்கி ஏப்பமா வெளிய விட்டு, அதுல பேசக் கத்துக்கலாம். சில பேருக்கு வரும். சில பேருக்கு வராது. உங்களுக்கு வரும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். யோசிச்சுச் சொல்லுங்க, ஆனா ரொம்ப நாள் யோசிக்காதீங்க."

யோசித்தேன். கையில் இருப்பது, இல்லாதது என்று மண்டபத்துக்காரர்களின் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். படிப்பகத்தில் பேசும்போது பணம், பதவி, வெயில், மழை இவையெல்லாம் நம் கையில் இல்லை என்று சொல்லிக் கைதட்டு வாங்கியிருந்தேன். ஆனால் அவர்கள் போட்ட கணக்கில் உடம்பும் உண்டு. கை, கால், கண், தொண்டை எல்லாம் இரவல். கேட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டும். நம்முடையது என்று சொல்ல மனசின் முடிவு ஒன்றுதான் மிச்சம். இதை மேடையில் சொல்லும்போது எவ்வளவு இனித்தது! கட்டிலில் அந்தப் பள்ளி மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. திருடன் வந்து கதவைத் தட்டும்போது, "வீடே உன்னது இல்லைப்பா" என்று ஆறுதல் சொல்கிறவனைப் போல.

தோட்டத்துக்காரர்களிடம் போனேன். எபிகூரியர் என்று பெயர். ஊருக்கு வெளியே ஒரு தோட்டத்தில் சேர்ந்து வாழ்ந்தார்கள். பெண்களும் அடிமைகளும் உள்ளே வரலாம். சுகம்தான் வாழ்க்கையின் நோக்கம் என்றார்கள். ஆனால் சுகம் என்று அவர்கள் சொன்னது விருந்தை அல்ல. உடம்பில் வலியில்லாமை, மனசில் பயமில்லாமை. ரொட்டி, தண்ணீர், கூட உட்கார்ந்து பேச நாலு நல்ல சிநேகிதர்கள். செத்தபின் நாம் இல்லை, இல்லாதவனுக்கு என்ன கஷ்டம் என்று சாவுப் பயத்தையும் கிள்ளிப் போட்டார்கள். அது சரிதான். எனக்கு அப்போது சாவுப் பயம் அவ்வளவாக இல்லை. எனக்கு இருந்த பயம், உட்கார்ந்து பேசுவதுதான் சுகம் என்றால், பேச முடியாதவன் அந்தத் தோட்டத்துக்குள் போய் என்ன செய்வான் என்பதுதான்.

மல்லிகா வேலை முடித்து நேராக வந்திருந்தாள். கையில் இறால் வாசனை. கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் குறை சொல்கிற வாசனை.

"பேச்சு போனா நான் யாரு மே?" என்றேன்.

"என் வூட்டுக்காரன். வேற யாரு? பிலிம் காட்டாத."

"வெளாட்டு இல்ல மே. ஞாயித்துக்கெயமை அவ்ளோ பேரு வந்து குந்துவாங்களே..."

அவள் பாத்திரத்தைத் திறந்து கஞ்சியைக் கலக்கினாள். "யோவ், ஒண்ணு கேக்கறேன். நீ பேச ஆரம்பிச்சா எப்டி ஆரம்பிப்ப? 'பஸ்ல ஒரு கெயவி சொல்லிச்சு', 'லாரி டைவரு ஒருத்தன் சொன்னான்', 'அந்த ஊர்ல ஒருத்தன் இருந்தான்'. பாதி எவனோ சொன்னதுதான? அத்த இன்னாத்த வெச்சு வாங்குன? காதாலதான? காத அறுக்கறேன்னு அந்தம்மா சொல்லலியே?"

தோட்டத்தில் ஒருவர் பேசினால் மற்றவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார்கள் என்பது புத்தகத்தைப் பல தடவை படித்த எனக்குத் தோன்றவே இல்லை. கஞ்சியைக் குடித்தேன். காலையில் டாக்டரம்மாவிடம் சம்மதக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மண்டபத்துக்காரர்கள் மேலிருந்த கோபமும் அப்போதுதான் ஆறியது. தொண்டை என் கையில் இல்லை. அந்தக் கையெழுத்து இருந்தது.

எல்லப்பனுக்கும் அதே வாரம் சொன்னார்கள். தாடையில் பாதி எடுக்க வேண்டும், எடுத்தாலும் கழுத்தில் போனது முழுதாகப் போகாது. அவர் வேண்டாம் என்றுவிட்டார்.

"தாடைய குடுத்துட்டு மோட்டுவளைய பாத்துக்கினு கெடக்கறதுக்கு, தாடையோட ஆத்து முகத்துவாரத்துல குந்திகினு சாவறேன் நைனா. கடலுகிட்ட கோவிச்சிக்கினு கால் கழுவாம இருக்க முடியுமா?"

"மருந்து குடுப்பாங்க, இன்னும் கொஞ்ச நாள்..." என்று நான் தொடங்கினேன்.

"நீ உன் கணக்க போட்ட. நான் என் கணக்க போட்டேன். ரெண்டு பேரும் பாசாயிட்டோம், உடு."

ஒரே புயல், இரண்டு படகு, இரண்டு திசை. யார் சரி என்று அன்றும் தீர்ப்பு எழுதவில்லை, இன்றும் எழுதவில்லை. காய்ச்சல் இறங்கியதும் அனுப்புகிறோம் என்று அவரைச் சில நாள் வைத்திருந்தார்கள். அதுவும் என் நல்ல காலம்தான்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் யூசுப் பாய் டேப் ரெக்கார்டருடன் வந்தார். "பேசு தோஸ்து. ஒரு கேசட்டு ஃபுல்லா பேசு. பின்னால கேக்கலாம்." பொத்தானை அழுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் என்ன பேசுவேன்? கனமாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைக்க நினைக்க ஒன்றும் வரவில்லை. அதற்குள் எல்லப்பன், சுறாப் புட்டுக்குப் பூண்டு எவ்வளவு போட வேண்டும் என்று மல்லிகாவை வம்புக்கு இழுத்தார். நான் நடுவில் நுழைந்தேன். பாய் நுழைந்தார். கேசட் முடிகிறவரை பூண்டுதான் ஓடியது. இப்போதும் போட்டுக் கேட்பேன். கரகரவென்று ஒருவன் "கொயம்புக்கு வேற, புட்டுக்கு வேற மே" என்று தொண்டையைக் கிழித்துக்கொண்டிருப்பான். அதைவிட நல்ல கடைசிச் சொற்பொழிவு எனக்கு வாய்த்திருக்காது.

கண் விழித்தபோது கழுத்தில் குழாய், மூக்கில் குழாய். மூக்குக் குழாய் வயிற்றுக்குப் போகிறது, சாப்பாடு அது வழியாக. கழுத்துக் குழாய்தான் மூச்சு. மூக்கு வழியாகக் காற்றுப் போகாததால் வாசனையும் போயிற்று. மல்லிகா என் முகத்தருகே குனிந்தாள். இறால் வாசனை இல்லை. குரல் போனதற்கு நான் தயாராகத்தான் இருந்தேன். இதற்கு யாரும் தயார் செய்யவில்லை. கண்ணில் நீர் வந்தது. வலி என்று நினைத்து அவள் நர்ஸைக் கூப்பிட்டாள்.

வலியும் இருந்தது. கடுமையான வலி நீளாது, நீளுகிற வலி கடுமையாக இருக்காது என்பது தோட்டத்துக்காரர்களின் கட்சி. அதில் பாதிதான் உண்மை என்று இங்கே பதிவு செய்கிறேன். முதல் இரவுகள் கடுமையாகவும் இருந்தன, நீளமாகவும் இருந்தன. அங்கே உதவியது மண்டபம். இந்த ஒரு மூச்சு, அதை ஒழுங்காக விடு, அடுத்த மூச்சு அடுத்த வேலை. கம்பிக் கட்டு இறக்குகிற மாதிரி, கட்டுக்குக் கட்டு.

நாய்க்காரர்களும் வந்தார்கள். சினிக் என்று பெயர். வெட்கம் ஊர் கட்டிய வேலி, இயற்கை கட்டியதல்ல என்று சொல்லி நாய் போலத் தெருவிலேயே வாழ்ந்தவர்கள். திரை இல்லாத பொது வார்டில் பின்பக்கம் திறந்த சட்டையோடு கிடக்கிறவனுக்கு இவர்களைவிட ஆறுதல் இல்லை. கழுத்துத் துளையில் சளி பொங்கும். இருமினால் சட்டையில் தெறிக்கும். முதலில் துண்டால் மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினேன். அப்புறம் திரும்பாமல் துடைத்துக்கொள்ளக் கற்றேன். "கலீஜா கீதுன்னு நெனைக்காத, மூச்சு வுடறதுக்கு மொகம் இன்னா, கயுத்து இன்னா" என்றார் எல்லப்பன்.

செலவைப் பற்றி ஒரு வரி. யார்டில் துண்டு விரித்தார்கள் என்று மட்டும் தெரியும். எவ்வளவு விழுந்தது என்று மல்லிகா சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை.

இனி அந்த மத்தியான விஷயம். பார்வையாளர் நேரம். மல்லிகா மாத்திரை வாங்கப் போயிருந்தாள். யூசுப் பாய் கைப்பிடியைச் சுழற்றிக் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்திக்கொண்டிருந்தார். நான் விரலைச் சுழற்றி, மற்றக் கையை முன்னால் பிடித்துக் காட்டினேன். தூக்கு, மெதுவாக. அவர் பிசகாமல் தூக்கினார். இரண்டு பேருக்கும் சிரிப்பு. குரலே தேவைப்படாத ஒரே ஆள் எனக்கு அவர்தான்.

திடீரென்று மூச்சு நின்றது. காய்ந்த சளி ஒன்று குழாயை உள்ளிருந்து அடைத்துக்கொண்டது. இழுக்கிறேன், வரவில்லை. விடுகிறேன், போகவில்லை. கத்துவதற்குத் தொண்டை இல்லை. உயிர் போகிற நேரத்தில் கை தானாகப் பழகிய வேலையைச் செய்தது. இரண்டு கையையும் விரித்து, உள்ளங்கை கீழே பார்க்க, அகல வீசினேன். ஆபத்து, ஆபத்து!

யூசுப் பாய் நிறுத்தினார்.

கட்டில் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தார். இரண்டு கையும் காற்றில் நிற்க, கண்ணை என் கை மேல் வைத்து, சிலையாக நின்றார். அடுத்த சைகைக்காக. அத்தனை வருஷப் பழக்கம் அது. அந்தச் சைகையைப் பார்த்தால் யோசிக்கக்கூடாது, ஒன்றையும் தொடக்கூடாது. நான் வீச வீச அவர் இன்னும் உறுதியாக நின்றார். என் கண்ணுக்கு முன் வார்டு இருட்டிக்கொண்டு வந்தது. அந்த இருட்டில், அசையாமல் நிற்கிற என் சிநேகிதன்.

எல்லப்பன் தம்ளரை எடுத்துக் கட்டில் கம்பியில் அடித்தார். மாதா கோயில் மணி மாதிரி அடித்தார். "அடேய் பாயி! சாவறான்டா! கூப்பிடுடா!" பாதி வாய் அன்று முழு வாயாகத் திறந்தது. நர்ஸ் ஓடிவந்தார். உள்குழாயைக் கழற்றி எறிந்து, உறிஞ்சும் இயந்திரத்தின் நுனியை உள்ளே விட்டார். சர்ரென்று ஒரு சத்தம், அதற்குப் பின்னால் காற்று. ஐயா, அந்தக் காற்று!

எனக்கு மூச்சு திரும்பிய பிறகும் பாய் அப்படியே நின்றார். நான் இறக்கு என்று விரலைக் கீழே காட்டிய பிறகுதான் கையை இறக்கினார். சுவரோரம் உட்கார்ந்து அழுதார்.

"நீ ஸ்டாப் குடுத்தியே முன்சாமி... ஸ்டாப் குடுத்தா நான் எப்டி தொடுவேன்?"

பேச்சுக்குப் பதில் மல்லிகா வாங்கிவைத்திருந்த சிலேட்டில் எழுதிக் காட்டினேன்: "தப்பு என்னது. கிரேனைத்தான் நிறுத்தத் தெரியும். ஆளைக் கூப்பிடத் தெரியல."

எல்லப்பன் எட்டிப் பார்த்தார். "இன்னா எயுதினுகீறான்?" பாய் படித்துச் சொன்னார். "அப்ப ஆள கூப்பிடறதுக்கு ஒரு சிக்னலு வெய்யுங்கடா, கிரேக்கருங்களா!" என்றார் எல்லப்பன். அன்றே வைத்தோம். கையைத் தலைக்கு மேல் ஒரு முறை தட்டினால், ஓடு, ஆளைக் கூட்டிவா.

அந்தக் கட்டிலில் கிடந்தபடி நாலு பள்ளியையும் யார்டுக்காரனாக யோசித்துப் பார்த்தேன். பெரிய சுமைக்கு நாலு கால் சங்கிலி போடுவோம். பார்க்கிறவர்களுக்கு நாலு காலும் சமமாகத் தாங்குவது போலத் தெரியும். தொட்டுப் பார்த்தால் இரண்டு கால்தான் விறைத்திருக்கும். மற்ற இரண்டும் சுமை ஆடாமல் பார்த்துக்கொள்ளும். என்னைத் தூக்கிய இரண்டு கால் மண்டபமும் தோட்டமும். நாயும் சந்தேகமும் ஆட்டத்தை நிறுத்தின. வேறொருவனுக்குக் கால் மாறலாம். எல்லப்பனுக்கு மாறியது.

அவர் எனக்கு முன்பே வீட்டுக்குப் போனார். சொன்னபடியே முகத்துவாரத்தில் உட்கார்ந்தார். நான் கதிர் சிகிச்சை முடித்துப் போய்ப் பார்த்தபோது பேச்சு நின்றிருந்தது. அவரும் கையால், நானும் கையால். சிரித்துக்கொண்டோம். அடுத்த மழைக்கு முன்னால் போய்விட்டார். அவர் மனைவி கருவாடு கட்டிக்கொடுத்தார். வாசனை தெரியாமல் சாப்பிட்டேன்.

துளைக்குள் இரும்புத் தூசி போகக்கூடாது என்பதால் யார்டில் என்னை எடைமேடைக் கூண்டுக்குள் மாற்றினார்கள். கழுத்தில் ஈரத்துணி. மாலையில் பேச்சுப் பயிற்சி. காற்றை முழுங்கு, ஏப்பம் விடு, ஏப்பத்தில் சொல்லைப் பிடி. ஏப்பம் வருவதற்காக மல்லிகா கோலி சோடா வாங்கிவந்து வைப்பாள். எத்தனை சோடா உடைத்தும் என்னிடம் வந்தது ஒரு 'ஆ' மட்டும். அதற்குப் பின்னால் ஒரு எழுத்தும் ஒட்டவில்லை. விடவில்லை, தினமும் உடைத்தேன்.

பாக்கி ஞாயிறுகள் என்னை உறுத்தின. கரும்பலகையில் இரண்டாவது பள்ளி, தோட்டத்துக்காரர்கள், என்று எழுதிவைத்துவிட்டு யூசுப் பாயைக் கூட்டிக்கொண்டு போனேன். பல நாள் டீக்கடையில் சிலேட்டில் எழுதி எழுதி அவருக்கு எல்லாம் சொல்லியிருந்தேன். நான் கையைக் காட்டுவேன், அவர் பேசுவார் என்பது ஏற்பாடு. படிப்பகம் நிறைந்திருந்தது. மல்லிகா பின் பெஞ்சில்.

பாய் நன்றாகத்தான் தொடங்கினார். தோட்டம், ரொட்டி, தண்ணீர், சிநேகிதம். நாலு பேர் தலையாட்டியதும் உற்சாகம் வந்துவிட்டது. என் கையைப் பார்ப்பதை விட்டுவிட்டார்.

"ஆக மொத்தத்துல நைனா, அவங்க இன்னா சொல்றாங்கன்னா, நாளைக்குச் சாவப் போறோம், இன்னிக்கு நல்லா துன்னு, நல்லா குடி, ஜல்சா பண்ணு, ஒருத்தனும் உன்னக் கேக்க..."

எல்லாரும் செய்கிற தப்பு. இதைத் திருத்தத்தான் நான் அந்த ஞாயிறே வைத்திருந்தேன். முன்னால் போய் நின்று, இரண்டு கையையும் விரித்து வீசினேன்.

பாய் நின்றார். வாய் திறந்தபடி, ஒரு கை மேலே, சொல் பாதியில். கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. கண் என் கை மேல். அடுத்த சைகை வருகிறவரை அந்தக் கை இறங்காது என்று எனக்குத் தெரியும். விரலைக் கீழே காட்ட வேண்டியதுதான். காட்டினேன். காட்டும்போது பழைய பழக்கம், காற்றை விழுங்கினேன், கத்தினேன்.

"ஆரியா."

கரடுமுரடாக, தவளைச் சத்தம் போல, ஏப்பத்தின் மேல் ஏறி மூன்று எழுத்தும் வந்துவிட்டன. சிரிப்பு நின்றது. பின் பெஞ்சில் மல்லிகா எழுந்து நின்றாள். யூசுப் பாய் கையை மெதுவாக இறக்கினார்.

"எத்தினி வருசமா கீய நின்னு இத்த கத்திக்கினு இருந்த? மேல குந்திகினு ஒரு நாளும் எனக்குக் கேட்டதில்ல தோஸ்து. இன்னிக்குத்தான் கேட்டுச்சு."

நான் ஆள்காட்டி விரலை மேலே நீட்டிச் சுழற்றினேன். மற்றக் கையை அதற்கு முன்னால் பிடித்தேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தோட்டத்தை மறுபடி முதலிலிருந்து, மெதுவாகத் தொடங்கினார்.